அரசன் ஆள் கூப்பிட்டது

எண்பதுகளின் தொடக்கம். மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. மஞ்சக்குட்டை சர்ச் ஹாலில் நடந்த ஓராள் நாடகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது. ஏற்காட்டுப் பக்கம் நடக்கும் கூட்டம், கச்சேரி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவன் நான். அன்றைய பக்கத்தில் ‘அமோக வரவேற்பு’ என்று எழுதியிருக்கிறேன். வெட்கக்கேடு.

நடிகர் பட்டணத்துக்காரர். தோற்றுப்போகும் ஓர் அரசனைப் பற்றிய பழைய மேல்நாட்டுச் சோக நாடகத்தை எடுத்து, எல்லாப் பாத்திரங்களையும் தானே நடித்து, சிரிப்பு நாடகமாக்கியிருந்தார். நான் மூலத்தைப் படித்தவன் என்பதால் அவரைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த நண்பர் வீட்டில் தங்கவைத்தேன். தங்கியிருந்த ஐந்து நாளும் அங்கேதான் சாப்பாடு. பன்றிக்கறி வறுவலைத் தின்று விரல்களை ஒவ்வொன்றாக நக்குவார். எலும்பைச் சப்பி, ஜன்னல் வழியே மிளகுக்கொடி மேல் துப்புவார்.

ரைட்டருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கழுத்தை நீட்டி, எச்சிலை இருமுறை விழுங்கினால்தான் சொல் வரும். தினமும் காலையில் எஸ்டேட் ஆட்களை நம்பர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. இந்தக் குரலோடு முடியுமா என்று மேனேஜர் கேட்டதற்கு, முடியும் என்று சொல்லி ஆறு மாதமாகச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் நடிகரிடம் ஒரு சுவையான செய்தி போலச் சொன்னவன் நான்.

கடைசிப் போருக்கு முன் அரசன் தன் வீரர்களை அழைக்கிறான்; ஒருவரும் வரவில்லை. மூலத்தில் நெஞ்சைப் பிசையும் இடம் அது. நடிகர் தகரக் கிரீடத்தைப் பின்னுக்குத் தள்ளினார். கழுத்தை நீட்டினார். இருமுறை விழுங்கினார்.

“ப்... பதினேழு!”

பின்வரிசையில் எஸ்டேட் ஆட்களோடு இருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து நின்றாள். “இருக்கறனுங்க!”

பழக்கத்தில் வந்த பதில். ஹால் அதிர்ந்தது. நடிகர் விடுவாரா? “இருபத்தொண்ணு!”

இம்முறை வேண்டுமென்றே ஒருவன் எழுந்தான். “வந்துட்டனுங்க ராசா! சண்டைக்குக் கவாத்துக் கத்தி போதுங்களா?”

சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிந்தவர்களில் நானும் ஒருவன். முன்வரிசையில் மேனேஜருக்கு அடுத்து ரைட்டர் உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டினார். மேனேஜர் திரும்பி அவரைப் பார்த்தார்.

முடிந்ததும் நடிகர் முகப்பூச்சும் வியர்வையும் வழிய வந்து என் தோளைப் பிடித்தார். “எப்படி சார்? எல்லாம் நீங்க குடுத்த சரக்கு!” அந்தக் கை பட்ட சட்டையை அன்றே கழற்றித் துவைக்கப் போட்டேன். ரைட்டரோ அவரிடம், “வெந்நி காஞ்சிருக்குதுங்க. குளிச்சுப்போட்டு வந்து சாப்புடுங்க” என்றார்.

திங்கட்கிழமை காலை எஸ்டேட்டுக்குப் போனேன். ரைட்டர் பதிவேட்டைத் திறந்து, கழுத்தை நீட்டினார்.

“சொல்லுங்க ராசா!” என்றது வரிசையில் ஒரு குரல்.

“சும்மா இருடா, பாவம் அந்த மனுசன்” என்றாள் ஒருத்தி. அது இன்னும் மோசம். அவருக்கு இருமல்தான் வந்தது. மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, பதிவேட்டை, ஆட்களிடம் வேலை வாங்கும் மேஸ்திரியிடம் நீட்டினார். “நீயே கூப்புடு.”

அன்றிலிருந்து மேஸ்திரிதான் கூப்பிட்டார். ரைட்டரைக் கிடங்கில் காப்பி மூட்டை எடை எழுதப் போட்டார்கள்.

ஒரு வாரம் பொறுத்துக் கிடங்குக்குப் போனேன். “உங்க தொண்டையப் பத்தி அந்த ஆளுகிட்டச் சொன்னது நான்தானுங்க” என்றேன்.

“நீங்க சொன்னது இருக்கட்டுங்க. வியாழக்கெழம காலையில மரத்துக்குப் பின்னால நின்னு அவரே பாத்தாரு. நடிகர் பாக்கறாரேன்னு அன்னிக்கு நானும் நொம்ப நல்லாக் கூப்புட்டனுங்க.”

அதற்குள் அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டார்கள். அவர் எழுதத் திரும்பினார்.