தீபாவளி மெத்தையும் மங்களம் மிஸ்ஸியும்

மங்களம் மிஸ்ஸி காலமான செய்தி எங்கள் தாமானில், இந்த மலிவு வீட்டுக் குடியிருப்பில், இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ரோஜா மாலைக்கு நடுவில் அவருடைய படம், அதன் கீழே கூப்பிய கைகள். ஒருவர் போட்டதும் வரிசையாக எல்லோரும் போட்டார்கள். அதே குழுவில் தீபாவளிக்கு முந்தைய வாரம் மிஸ்ஸி ஒரு படம் போட்டிருந்தார். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கில், அந்தக் கழிவுநீர்க் கால்வாயில், குறுக்கே கிடந்த ஒரு பழைய மெத்தையின் படம் அது. “யாரு மெத்தைன்னு நான் கேக்கல. மழைக்கு முந்தி எடுத்துடுங்க” என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் காலை வணக்கம் சொல்லும் பூங்கொத்து ஒன்றை அனுப்பினார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது கூப்பிய கைகள் எல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்தன என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவரும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில் தாதிகளாக, ஊர் வழக்கில் மிஸ்ஸிகளாக, வேலை செய்தவர்கள். வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் அவர் எல்லோருக்கும் மிஸ்ஸிதான். அன்பே உருவானவர் என்று யாரோ அஞ்சலியில் எழுதியிருக்கிறார்கள். பொய். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஊசி போட்டால் அழுகிற பெரிய ஆம்பிளைகளை வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டுவார். ஆனால் அவர் ஒருவரைத் திட்டினால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் காதில் வாங்குவதற்குள் நமக்கு ரோஷம் வந்துவிடும். எங்கள் தாமான்காரர்களுக்கு ரோஷத்துக்குக் குறைவில்லை.

சுங்காய்க்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் இடம். ரப்பர்த் தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது, அங்கிருந்தவர்களுக்கு மலிவு வீடு கட்டிக் கொடுத்தார்கள். எந்த இடத்தில் என்று பாருங்கள். ஆற்றோரப் பள்ளத்தில். முதல் வெள்ளம் வந்த வருடம் அரிசி, எண்ணெய், பிஸ்கட் என்று பை பையாக ஏற்றிக்கொண்டு ஒரு பிரமுகர் வந்தார். பையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள மிஸ்ஸியைக் கூப்பிட்டார்கள். அவர் பையைத் தொடவில்லை. “அரிசி இருக்குங்க. லோங்காங்க தோண்ட மெஷின் அனுப்புங்க” என்றார். பிரமுகர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் நகர்ந்தார். திரும்பி வரும்போது மிஸ்ஸி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “வெள்ளக்காரன் பால்மரம்கூட நடாத எடத்துல நம்மள நட்டு வச்சிருக்கானுங்க லா.” அந்த மெஷின் இன்றுவரை வரவில்லை.

யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் அவர் தன் வீட்டைத் தானே தயார் செய்தார். அவருடைய கணவர் ராமையா அண்ணன் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பவர். அவரால் தானாக எழுந்து உட்காரக்கூட முடியாது. மிஸ்ஸிக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்: தண்ணீர் வந்தால் இந்த மனிதர் படுத்தபடியே மூழ்கிவிடுவார். அதனால் கட்டிலைச் சிமெண்டுக் கற்களின் மேல் ஏற்றினார். மின்சாரப் பிளக்குகளை நெஞ்சு உயரத்துக்கு மாற்றச் சொன்னார். அடையாள அட்டை, மருந்து, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் மூடி இறுக்கமான பெயிண்டு வாளியில் போட்டு உயரத்தில் மாட்டினார். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக நீலப் பீப்பாயில் விழும். கொசு போகாமல் அதன் வாயில் வலை கட்டியிருப்பார். நிரம்பி வழிவது வாழைக்குப் போகும். எல்லோரும் கார் நிறுத்த வாசல் முழுவதும் சிமெண்டு போட்டு ஓடு பதித்தபோது அவர் மட்டும் மண்ணை மண்ணாகவே விட்டிருந்தார். கேலி செய்தவரிடம், “பூரா சிமெண்டு போட்டா மழ எங்கய்யா போவும், உன் வயித்துக்குள்ளயா?” என்று கேட்டார்.

தண்ணீர் வந்தால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அவரிடம் ஒரு வரிசை இருந்தது. “மெயின் சுவிச்சு, கேசு சிலிண்டரு, அப்புறம் மனுசன். டிவி கடைசி.” வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எங்கள் ஆட்கள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வெள்ளத்தில் டிவியைத்தான் முதலில் தூக்கினார்கள்.

தீபாவளி வந்தால் அவருடைய கோபம் உச்சிக்கு ஏறிவிடும். நம் பெருநாள் சரியாக அடைமழைக் காலத்தில் வருகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் நாம் வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, புது சோபா வாங்கி, பழையதைப் பின்னால் கொண்டுபோய்த் தள்ளுகிறோம். பழைய மெத்தை, உடைந்த அலமாரி, கிழிந்த பாய் எல்லாம் லோங்காங் ஓரத்துக்குப் போகும். ஒரு மழை பெய்தால் உள்ளே. “லட்சுமி வரணும்னு முன்வாசலக் கழுவுறீங்க. பின்வாசல் வழியா என்ன வருதுன்னு பாருங்க” என்பார். அவருக்குப் பைத்தியம் என்றார்கள்.

இந்த வருடம் அந்த மெத்தை யாருடையது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். புது மெத்தை லாரியில் வந்து இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது. தீபாவளி முடிந்த சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தபோது நான் மிஸ்ஸி வீட்டில் இருந்தேன். சாதாரண மழைக்குத் தண்ணீர் வாசல்படியைத் தொட்டு இறங்கிவிடும். அன்று இறங்கவில்லை. வீட்டுக்குள் புகுந்து கட்டிலுக்கு அடியில் இருந்த கல்லில் ஏறத் தொடங்கியது. ராமையா அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மிஸ்ஸி பின்கதவைத் திறந்து பார்த்தார்.

“அடைச்சிருக்கு. நான் போய் இழுத்து விடுறேன்.”

“பூட்ஸ் போடுங்கக்கா. கால்ல புண்ணு இருக்கு.”

“தேடிக்கிட்டு இருந்தா இவரு போயிருவாரு. நீ தலைய மேல தூக்கிப் பிடி.”

சர்க்கரை நோய்க்காரர், பாதத்தில் கட்டுப் போட்டிருந்தவர், இடுப்பளவுச் சாக்கடையில் இறங்கினார். மண்வெட்டியால் குத்திக் குத்தி இழுத்தார். மெத்தைக்காரர் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மெத்தை நகர்ந்தது, தண்ணீர் இறங்கியது, ராமையா அண்ணன் பிழைத்தார். சில நாளில் மிஸ்ஸிக்குக் காய்ச்சல் வந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, “எலிக்காய்ச்சலா இருக்கும் டாக்டர், புண்ணோட சாக்கடையில எறங்குனேன், ரத்தம் எடுத்துப் பாருங்க” என்று அவரேதான் சொன்னார். சிறுநீரகம் நின்று, பிறகு எல்லாம் நின்றது.

கருமாதியன்று, கடைசி மூச்சுவரை சேவை செய்தார் என்று ஒருவர் பேசினார். பின்சந்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். மெத்தைக்காரர் முதல் ஆளாகக் கை தட்டினார். மிஸ்ஸி சேவையால் சாகவில்லை. ஒரு மெத்தையால் செத்தார். குப்பை லாரி வரும்வரை அதை வீட்டுக்குள் வைத்திருக்கச் சோம்பல்பட்ட ஒருவராலும், பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நம் எல்லோராலும் செத்தார். இதை அங்கேயே எழுந்து சொன்னேன். எல்லோரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

அவருடைய மண்வெட்டியையும் பீப்பாயையும் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அவருடைய வாய் போதும். நேற்று மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தபோது மெத்தைக்காரர் வீட்டுக் கேட்டைப் போய்த் தட்டினேன்.

“என்னாக்கா?”

“மழ வருது. ராமையா அண்ணன மேட்டுப்பக்கம் என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவணும். வா.”

“இப்ப கொஞ்சம் வேலையா இருக்கேன்க்கா.”

“இருக்கட்டும். வா.”

தெரு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். வந்தார். கட்டில் பக்கம் குனிந்தார். ராமையா அண்ணனுக்கு எல்லாம் தெரியும். அவர் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தார். பிறகு நல்ல கையைத் தூக்கி மெத்தைக்காரர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு ஆள் இல்லை.