தங்கையின் கையெழுத்து

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், வீட்டை வாங்கிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. அந்தக் குறையை எக்ஸ்ரே அக்கா தானே தீர்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. வீடு பார்க்கப் போனாலும் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் விடமாட்டாள். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து பார்ப்பாள். பீரோவை நகர்த்தச் சொல்லிச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவுவாள். பக்கத்து வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டு, அப்படியே மழைக்குத் தெருவில் எவ்வளவு தேங்கும் என்று விசாரித்துவிடுவாள். இப்படித் துருவித் துருவியே மூன்று வீடுகள் கை நழுவின.

"இந்த மாசத்தோட வாடகை வீட்டைக் காலி பண்ணணும். இதையும் கெடுத்துடாதே தாயே" என்று கும்பிட்டுத்தான் கணவர் கூட்டி வந்திருந்தார்.

நாலாவது வீடு நல்ல வீடு. சுவரெல்லாம் உலர்ந்திருந்தது, குழாய்களில் தண்ணீர் கொட்டியது. அவளுக்கே ஆசை வந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்தார்கள். பின்கட்டு அறையில் துணி தைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் தங்கை டீ கொண்டுவந்து வைத்தாள்.

"இது நீங்க வாங்கின வீடாண்ணே?" என்று எக்ஸ்ரே அக்கா வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"அப்பா வீடு. அவருக்கப்புறம் எனக்குத்தான்."

"உயில் எழுதியிருக்காரா?"

"குடும்பத்துக்குள்ள உயில் எதுக்கும்மா?"

"அப்ப தங்கச்சியும் கையெழுத்துப் போடணுமே. அவங்க பங்கு?"

வீட்டுக்காரர் முகம் கறுத்தது. "நான் நீட்டுன இடத்துல அவ போடுவா. உங்களுக்கு வீடு வேணுமா, வம்பு வேணுமா?"

எக்ஸ்ரே அக்கா எழுந்துவிட்டாள். "வாங்க, போகலாம்." கணவர் அசையவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்படி வருவாரு? நேத்தே அட்வான்ஸ் குடுத்துட்டாரே. சொல்லலையா?" என்றார் வீட்டுக்காரர்.

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். "ரசீது?" என்று கணவரைக் கேட்டாள்.

"வாங்கலை. நீ இதையும் வேண்டாம்னுடுவேன்னு பயந்துட்டேன்."

இத்தனை வருஷச் சேமிப்பு அது. ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள், பக்கத்தில் இருந்தவரைக் கேட்கவில்லை. ஆத்திரம் வந்தது. அதைவிட, இந்த மனுஷன் தனக்குப் பயந்தாரே என்பதுதான் அதிகம் வலித்தது.

"தங்கச்சி கையெழுத்துப் போட்டா வீடு உங்களுது. அது நின்னுபோச்சுன்னா அட்வான்ஸை மறந்துடுங்க" என்றார் வீட்டுக்காரர், காலை ஆட்டிக்கொண்டே.

அதுவரை தட்டோடு நின்ற தங்கை, அண்ணனைப் பார்க்காமல் எக்ஸ்ரே அக்காவைப் பார்த்தாள். "நீங்க விவரம் தெரிஞ்சவங்க. நீங்களே சொல்லுங்கக்கா. நான் போடலாமா?"

கணவர் எக்ஸ்ரே அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். 'போடுங்க' என்று ஒரு சொல் போதும். தங்கை நம்பிவிடுவாள். அது எக்ஸ்ரே அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது.

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"போடாதீங்கம்மா. உங்க பங்கு உங்க கைக்கு வராம எதுலயும் போடாதீங்க."

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"கேட்டுச்சாண்ணே?" என்றாள்.

எக்ஸ்ரே அக்காவின் கணவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.