வயது ஏறாத விமர்சகி

எங்கள் கூரியர் கிளையில் பார்சல் கட்டுகிறவளுக்கு ‘விமர்சனம்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். டீ வந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, “தொடக்கம் விறுவிறுப்பு, முடிவு சப்புன்னு இருக்கு. ரெண்டரை நட்சத்திரம்” என்பாள். மேனேஜர் புதுச் சட்டை போட்டு வந்தால், “அட்டை பளபளன்னு இருக்கு, உள்ளே சரக்கு இருக்கான்னு பார்க்கணும்” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுப்பாள். இப்படிப்பட்ட வாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நான் எடை போட்டு ரசீது கொடுக்கிற ஆள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தராசும் ஒரு பழைய தொலைபேசியும்தான். என்னை அண்ணே என்பாள். புருஷன் எப்போதோ வேறு குடித்தனம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். அதைப் பற்றி மட்டும் அவள் விமர்சனம் எதுவும் சொன்னதில்லை.

பார்சல் கட்டுவது பிழைப்பு. உயிர் வேறு இடத்தில் இருந்தது. இளவட்டங்கள் படிக்கிற நாவல்களுக்காக இணையத்தில் ஒரு தளம் நடத்திவந்தாள். ‘முடிவைச் சொல்லாதே’ என்று பெயர். எந்தத் தொடரின் அடுத்த பாகம் வருகிறது, எது தள்ளிப்போகிறது, எந்த அட்டையில் கதாநாயகியை அழகாக்குகிறேன் பேர்வழி என்று ஆளையே மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் அதில் செய்தி வரும். விமர்சனம் வரும். வாரம் ஒரு புத்தகம் பரிசாகவும் போகும்.

பரிசுக்குக் குலுக்கல் எங்கள் கிளையில்தான். பின்னூட்டம் போட்ட பிள்ளைகளின் பெயர்களை வீணாய்ப்போன லேபிள்களின் பின்பக்கம் எழுதி, டெலிவரிக்காரரின் ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கி, என்னை ஒன்று எடுக்கச் சொல்வாள். நான் எடுத்தால் ராசியாம். ஜெயித்த பிள்ளை கிளைக்கு ஃபோன் செய்து சொந்த வாயால் முகவரி சொன்னால்தான் புத்தகம் போகும். ஆரம்பத்தில் பாதிப் புத்தகம் திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்குத் தெரியாமல் படிக்கிற பிள்ளைகள் வாய்க்கு வந்த பெயரையும் வாய்க்கு வந்த தெருவையும் கொடுத்துவிடும். அதனால் இந்த ஏற்பாடு. எங்கள் கிளையின் நம்பரையே தளத்தில் போட்டிருந்தாள். மேனேஜர் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டார், அவர் மகளுக்கு ஒரு முறை பரிசு விழுந்த பிறகு.

அந்த நாவல்களில் ஒன்றை நானும் படித்துப் பார்த்தேன். ஒரு பெண், ஒரு வாள், ஓநாயாக மாறுகிற ஒரு பையன். படித்து முடித்துவிட்டு, “ஏம்மா, இதுல எல்லாம் அம்மாக்காரி மொதல் அத்தியாயத்துலயே ஏன் செத்துப்போயிடறா?” என்று கேட்டேன்.

“அம்மா உயிரோட இருந்தா கதை நகராதுண்ணே” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தத் தளத்தில் விமர்சனம் எழுதுகிறவள் இவள் இல்லை. இவளுடைய மகள். அப்படித்தான் உலகத்துக்குத் தெரியும். ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே மகளின் முழுப்பெயர், பள்ளிச் சீருடையில் ரெட்டைச் சடையோடு ஒரு படம், ‘வயது பதினைந்து’ என்று ஒரு வரி.

மகளை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளி விட்டதும் நேராகக் கிளைக்கு வருவாள். சாக்கு மூட்டைகளின் மேல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு படிப்பாள். ‘சின்ன விமர்சனம்’ என்றால் நாக்கைத் துருத்துவாள். அவள்தான் முதலில் எழுதினாள். அம்மா தட்டச்சு செய்வாள், பிழை திருத்துவாள், பரிசைக் கட்டி அனுப்புவாள். இரண்டு பேரும் ஒரு நாவலை ஆளுக்குப் பாதியாகக் கிழித்துக்கொண்டு படித்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் பாதியை மகள் முடிக்கிற வரைக்கும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

பதினேழு வயதில் மகளுக்குப் போதும் என்று தோன்றிவிட்டது. “இனிமே எழுதலம்மா, எனக்கு அலுத்துப்போச்சு” என்றாள். என் கண் முன்னால்தான் சொன்னாள். அம்மா “சரிடீ” என்றாள். மறு வாரம் மகள் பெயரில் ஒரு விமர்சனம் வந்தது. அம்மா எழுதியது. மகள் சண்டை போட்டாள். அம்மா மறுபடியும் சரி என்றாள். அடுத்த வாரமும் வந்தது. வாசகப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், பதிப்பகங்கள் மகளின் பெயருக்குத்தான் புத்தகம் அனுப்புகின்றன, எழுத்து மறந்துவிடக் கூடாது, ஒரு நாள் திரும்ப எழுதுவாள் என்று ஆயிரம் காரணம் இவளிடம் இருந்தது. மேல்படிப்புக்கு வேறு ஊருக்குப் போன மகள், முதல் விடுமுறைக்கு வந்து, தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, வந்த பையைப் பிரிக்காமலே கிளம்பிவிட்டாள். நம்பரை மாற்றிக்கொண்டாள். படிப்பு முடிந்ததும் எங்கே போனாள் என்று அவள் தங்கியிருந்த விடுதிக்காரர்களுக்கும் தெரியவில்லை.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். முதல் பாதிக்கு நான் சாட்சி. இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பெண் பல முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

போன பிறகாவது இவள் நிறுத்தினாளா? அதற்குப் பிறகுதான் மும்முரமாக எழுதினாள். மகள் எங்கேயிருந்தாவது ஒரு நாள் தளத்தைத் திறப்பாள் என்று நம்பினாள். பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிற பஸ்ஸில் வேண்டுமென்றே ஏறி, அதுகள் எப்படிப் பேசுகின்றன என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வருவாள்.

“அண்ணே, ‘செம’ன்னு இப்பவும் சொல்றாங்களா, இல்ல பழசாயிடுச்சா?”

“என்னைக் கேட்டா? நான் ‘பிரமாதம்’னு சொன்ன காலத்து ஆளு.”

பதினைந்து வயதுப் பெண் மாதிரியே எழுதினாள். நடுநடுவே மகளுக்கு மட்டும் புரிகிற மாதிரி எதையாவது சொருகுவாள். ‘கதாநாயகி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். நானாக இருந்தால் மூன்றாம் அத்தியாயத்திலேயே திரும்பி வந்திருப்பேன். கதவு திறந்துதானே இருக்கிறது.’ இதைப் படித்துவிட்டு நான் அவளிடம் கடுமையாகவே பேசினேன். “அந்தப் பொண்ணுக்கு இப்ப இருபத்திமூணு ஆகுது. நீ அதுக்கு இன்னும் ரெட்டைச் சடை போட்டு உக்கார வச்சிருக்கே. இது நல்லா இல்லம்மா.”

“பார்ப்பாண்ணே. கோபத்துலயாவது வந்து பார்ப்பா.”

அவள் எண்ணம் பலித்தது. ஒரு மதியம் தொலைபேசி மணி அடித்தபோது அவள் கையில் டேப் சுற்றிக்கொண்டிருந்தது. முழங்கையால் ஸ்பீக்கர் பொத்தானைத் தட்டினாள். பரிசு விழுந்த பிள்ளைதான் என்று நினைத்துவிட்டாள்.

“வாழ்த்துகள்! என்ன புத்தகம் ஜெயிச்சீங்க?”

எதிர்முனையில் ஒரு பெண் குரல்.

“நான் ஒண்ணும் ஜெயிக்கல. நான்தான்.”

டேப் அறுபடாமல் கையிலேயே தொங்கியது. இத்தனை வருஷம் கழித்து மகளிடம் கேட்பதற்கு எத்தனையோ யோசித்து வைத்திருப்பாள். வாயில் வந்தது வேறு.

“சாப்பிட்டியா?”

“அதெல்லாம் இருக்கட்டும். அந்த சைட்ல இன்னும் எதுக்கு என் பேர் இருக்கு?”

நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

“புதுசா ஒரு வேலையில சேர்ந்திருக்கேன். கூட வேலை செய்யற ஒருத்தன் என் பேரைப் போட்டுத் தேடியிருக்கான். போன வாரம் நான் ஏதோ ஓநாய்ப் பையன் செத்ததுக்குத் தலகாணி நனையிற அளவுக்கு அழுதேனாம். வயசு பதினஞ்சாம். மீட்டிங் முடிஞ்சதும் அதை எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது? இப்ப என்னை ஓநாய்னுதான் கூப்பிடறாங்க.”

“நீ பார்ப்பேன்னுதான்டீ எழுதினேன்.”

“எதை?”

“எல்லாத்தையும். எப்பவாவது திறந்து பார்ப்பே, எல்லாம் உனக்குத்தான்னு புரிஞ்சுக்குவேன்னு...”

“வீட்டை விட்டுப் போனதுக்கப்புறம் நான் அதைத் திறந்ததே இல்ல. அவன் படிச்சுக் காட்டினதுக்கு அப்புறம்தான் நேத்து பார்த்தேன். நான் இப்ப புத்தகமே படிக்கிறதில்ல. கையில எடுத்தாலே நீ பக்கத்துல வந்து உக்காந்து, எப்படி இருக்கு, எத்தனை நட்சத்திரம்னு கேக்கற மாதிரி இருக்கு. என் பேர்ல இருக்கறதை எல்லாம் எடுத்துடு.”

“நீ எழுதினதையுமா? சின்ன வயசுல நீயே எழுதினது...”

“எல்லாத்தையும்.”

“சரி.”

“அப்பவும் சரின்னுதான் சொன்னே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

விமர்சனம் டேப்பை அறுத்து, கையிலிருந்த பெட்டியை ஒழுங்காக ஒட்டி முடித்தாள். பிறகுதான் தொலைபேசியைப் பார்த்தாள். யார் கூப்பிட்டது என்று காட்டுகிற திரையெல்லாம் இல்லாத கருவி அது. மேனேஜர் ஓடிப்போய்த் தொலைபேசிக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார். வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். “எங்க இருக்கேன்னு கேக்கலையேண்ணே. சாப்பிட்டியான்னு கேட்டேன் பாருங்க, முட்டாள்” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மகள் மேலா என்றால் இல்லை. அவள் கேட்டதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. இவள் மேல் என்றால், கை அந்தத் தலையில் மோதுகிற சத்தத்தைக் கேட்ட பிறகு அதற்கும் மனம் வரவில்லை.

அன்றைக்கே உணவு இடைவேளையில் கிளைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். மொத்தமாக அழிக்க ஒரு வழி இருக்குமே என்றேன். இருக்கிறதாம், வேண்டாம் என்றாள். ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, அழித்தாள். ஒவ்வொன்றுக்கும் அந்த மிஷின் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. ஆளைக் கொல்கிற கேள்வி. மகள் பெயரில் தானே எழுதியவற்றை வேகமாக அழித்தாள். மகள் உண்மையிலேயே எழுதியவை வந்ததும் கை மெதுவானது. ஒரு இடைவேளையில் முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களும் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்தாள். பரிசு கேட்டு ஃபோன் செய்த பிள்ளைகளுக்கு நான்தான் பதில் சொன்னேன், இனிமேல் பரிசு கிடையாது என்று. ஒரு பிள்ளை அழுதேவிட்டது.

கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. மகள் முதன்முதலில் எழுதியது. ‘இந்தக் கதை நல்ல கதை. அம்மா பாதியில் தூங்கிவிட்டாள். மீதியை நான் அவளுக்குப் பொய்யாகச் சொல்லிவிட்டேன். அவள் நம்பிவிட்டாள். ஐந்து நட்சத்திரம்.’

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் மண்டையில் எப்போதாவதுதான் வரும்.

“இதை மட்டும் விட்டுடும்மா.”

“ஏண்ணே?”

“அவ எப்படியும் திரும்ப ஒரு தடவை தேடிப் பார்ப்பா, எடுத்துட்டியான்னு. இது இருந்தா மறுபடியும் இங்கதான் கூப்பிடுவா. கத்தட்டும், திட்டட்டும். அப்ப எங்க இருக்கேன்னு கேட்டுக்கலாம். இதையும் எடுத்துட்டா அவளுக்கு உன்கிட்ட பேச என்ன இருக்கு?”

அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கூப்பிடுவா, இல்லண்ணே?” என்றாள். “கண்டிப்பா” என்றேன். திரையைப் பார்த்தாள், தொலைபேசியைப் பார்த்தாள். உணவு இடைவேளை முடிந்து, வாசலில் ஆட்கள் பார்சலோடு வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் அழித்தாள். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினாள்.

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று நான் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். “விட்டிருந்தா கூப்பிட்டிருப்பாளே!”

“கூப்பிட்டிருப்பா” என்றாள். “வேண்டாம்னு அவ சொன்னதை நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லண்ணே. எடுத்துட்டேனான்னு வந்து பார்க்கறப்போ ஒண்ணுமே இருக்கக் கூடாது.”

சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். வரிசையில் முதலில் நின்றவரின் பெட்டியை வாங்கிக் கட்ட ஆரம்பித்தாள்.