மொட்டைமாடி பல்பு

டிரம் குச்சிகள் இரண்டும் சட்டைக்குள் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அடையாற்றின் அந்தத் திறந்தவெளி அரங்கிலிருந்து கேட்டை நோக்கி நான் நடந்துகொண்டிருந்தேன். இடைவேளை முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. உடன் வந்திருந்த ஜெராக்ஸ் கடை நண்பன் பின்னாலேயே ஓடி வந்தான்.

“இன்னா மச்சி, அதுக்குள்ள கெளம்பிட்ட? இன்னும் பாதி கச்சேரி கீது.”

தலைவலி என்றேன். தலை நன்றாகத்தான் இருந்தது, வயிறுதான் எரிந்தது.

மேடையில் வாசித்துக்கொண்டிருந்த அந்த ராக் பாண்டின் முதல் டிரம்மர் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மைக் செட் தூக்கிக்கொண்டிருந்தபோது அதிலிருந்த கல்லூரிப் பையன்களோடு பழக்கமானது. பாடகன் வீடு மயிலாப்பூரில். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அறையில்தான் பயிற்சி. எங்கள் இசைக்கு ஆல்டர்னேட்டிவ் ராக் என்று பேர் என்றார்கள். எனக்கு அர்த்தம் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் இல்லை. சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்ததும் பாடகனின் அம்மா கீழிருந்து குரல் கொடுப்பார்: “தண்ணி வந்துடுத்துடா, மோட்டார் போடறேன்!” அந்தக் கிழட்டு மோட்டார் உறுமி உறுமிப் பிடிப்பதற்குள் வோல்டேஜ் விழுந்து கிடார்கள் ஊமையாகிவிடும். டிரம்முக்கு மின்சாரம் வேண்டாமே. நான் மட்டும் அடித்தபடி, வலது தோளுக்கு மேல் தொங்கிய பல்பைத் திரும்பிப் பார்ப்பேன். மங்கிக் கிடந்த பல்பு பளிச்சென்று ஆனதும் குச்சிகளைத் தட்டிக் காட்டுவேன், எல்லோரும் ஒன்றாக வாசிப்பில் இறங்குவார்கள். போகப் போகப் பாடகன் அதையே ஒரு பாட்டுக்குள் வைத்துவிட்டான். மோட்டார் ஓடாத நாளிலும் அந்த இடத்தில் கிடார்கள் நிற்கும், நான் தனியாக அடிப்பேன். எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பாட்டுதான்.

எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. ஒருநாள் லாரி ஒன்றில் கிளீனராக ஏறி வடக்கே போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் இடத்தில் தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் மகன் உட்கார்ந்திருந்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்த டிரம் செட் அவனுக்கு. பிறகு பாடகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போக, பாண்டு கலைந்தது. உண்மையைச் சொன்னால், கலைந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கில்லாதது அந்த ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கும் இல்லை.

விடுமுறைக்கு வந்த பாடகன், எல்லோரையும் மறுபடி சேர்த்து ஒரு கச்சேரி வைத்தான். கச்சேரிக்குச் சில நாள் முன்பு மயிலாப்பூர் லஸ் முனையில் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு, “நீ கண்டிப்பா வரணும்டா. நீ இல்லாம இது என்ன பாண்டு?” என்றான். மேடைக்குக் கூப்பிடுவான், அந்த ஒரு பாட்டையாவது என்னிடம் கொடுப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் குச்சிகள்.

அந்தப் பாட்டு இடைவேளைக்கு முன்பே வந்துவிட்டது. “இது எங்க மொட்டைமாடியில பொறந்த பாட்டு” என்று பாடகன் சொன்னதும் நான் எழுந்தேவிட்டேன். அவன் யாரையும் கூப்பிடவில்லை. கூட்டம் முழுவதும் எழுந்து நின்றதால் நான் எழுந்தது யார் கண்ணிலும் படவில்லை. கிடார்கள் நின்றன. ஜவுளிக்கடைக்காரர் மகன் தனியாக அடித்தான். தப்பு விடுவான் என்று காத்திருந்தேன். விடவில்லை. அடித்தபடியே தலையைத் திருப்பி, வலது தோளுக்கு மேலே பார்த்தான். அங்கே இருட்டான வானம்தான் இருந்தது.

“டேய், அச்சு அசல் உன்ன மாதிரியே பாக்குறான்டா” என்றான், அந்த நாளில் நான் அடித்ததைப் பார்த்திருந்த நண்பன். இடத்தை எடுத்துக்கொண்டான், சரி. என் கழுத்தையுமா எடுத்துக்கொள்வான்?

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனேன். பாடகனைச் சுற்றிப் பெரிய கூட்டம். தூரத்திலிருந்தே சிரித்துக் கையாட்டினான். டிரம்மர்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து என் கையைப் பிடித்தான்.

“அண்ணே, வந்துட்டீங்களா! உங்களப் பத்திச் சொல்லியிருக்காங்கண்ணே.”

“அந்தத் தனி அடியில எதுக்குப்பா மேல பாக்குற?”

“அதுவாண்ணே? ஸ்டைலுண்ணே. பாடகர்தான் சொல்லிக் குடுத்தாரு. அப்படிப் பாத்தாத்தான் அந்தப் பாட்டுன்னாரு.”

பல்பைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன், அவனோ எனக்குக் குளிர்பானம் வாங்க ஆள் அனுப்பினான். அது வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

நண்பனைத் திருப்பி அனுப்பிவிட்டு வாசல் கேட்டருகே வந்தால், அரங்குக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த ஜெனரேட்டர் வண்டி. அதன் முதலாளி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மைக் செட் காலத்தில் என்னைத் தெரியும் அவருக்கு.

“நைனா, சும்மாதான கீற? ஆள் ஒருத்தன் ஓடிப் பூட்டான். காலைல மைலாப்பூர்ல கல்யாணம், வர்றியா?”

பின்னால் கூட்டம் ஆர்ப்பரித்தது. வருகிறேன் என்றேன்.

இன்றைக்குக் கரண்டு போனதும் ஜெனரேட்டர்கள் தாமாகவே ஓடத் தொடங்குகின்றன. அன்றைக்கு அதற்கு ஓர் ஆள் வேண்டும். மறுநாள் காலை மண்டபத்தின் பக்கவாட்டில், சுவரில் மண்டபத்துக் கரண்டில் எரியும் ஒரு பல்பை மாட்டி, அதன் கீழே ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார் முதலாளி. பல்பு மங்கினால் இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும், உள்ளே நாதஸ்வரக்காரரின் மைக் ஊமையாகக் கூடாது. குச்சிகளை ஸ்டூலுக்கடியில் வைத்துவிட்டு, தலையைத் திருப்பி, வலது தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.