கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

திருமுடிவாக்கத்தில் என் லேத் பட்டறையில் பித்தளைத் துண்டுகள் திருடுபோயின. கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டரோ தினமும் மதியம் நின்றுவிடும். வந்து பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் புதிதாக வாங்கச் சொன்னார்கள். மூன்றாவதாக வந்தவருக்கு நரைத்த மீசை, கழுத்தில் சின்னச் சிலுவை. செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோலப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்தார்.

“ஆயுத பூஜைக்கு சந்தனம் பூசினது நீங்களா சார்?”

“ஆமா, ஏன்?”

“தாராளமா பூசிட்டீங்க. காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சிகினு கீது. சூடேறி நின்னுடுது.”

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். கூடுதல் நாள் காட்சிகள் பதிவாகப் பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டினார். கிளம்பும்முன் சந்தனம் கேட்டு வாங்கி, ஓட்டையில்லாத மூலையில் அவரே ஒரு பொட்டு வைத்தார்.

அதன்பிறகு பெட்டி நிற்கவில்லை, பித்தளையும் குறையவில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நானும் அதே மூலையில்தான் பொட்டு வைத்தேன். அவர் வைத்ததுபோல் வட்டமாக வரவில்லை.