இரண்டாம் முறை அழுதவர்

திருவொற்றியூரில் நான் முடிவெட்டிக்கொள்ளும் சலூனில், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் டிவியைக் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். அன்று சாயங்காலம் ரியாலிட்டி ஷோவில் ஒரு பெண் தன் வீட்டை நினைத்து அழுதாள். "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினேன்.

பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் இருந்தார். உப்புக்காற்றில் செம்பட்டையான தலை. மடியில் கிடந்த விரல்களில் வலை நூல் அறுத்த தழும்புகள்.

விளம்பரம் வந்ததும் கடைக்காரர் செய்திக்கு மாற்றினார். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தது. கறுத்துப்போன வலையைத் தூக்கிக் காட்டி ஒரு மீனவர் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

எல்லாம் தெரிந்தவன் மாதிரி, "ஓவரா நடிக்கிறாரு, மாத்துங்க" என்றேன்.

நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அது நாந்தான் சார்."

அவர் கோபப்படவே இல்லை.

"மொதல்ல நெஜமாத்தான் அழுதேன். அப்போ கேமராவ ரெடி பண்ணிகினு இருந்தாங்கோ. இன்னொரு வாட்டி அழச் சொன்னாங்கோ. அதான் அப்டி கீது."

மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவர் கடைக்காரரிடம், "அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு? போடு நைனா" என்றார்.

அந்தப் பெண்ணை நிகழ்ச்சியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். மறுபடி அழுதாள். நான் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்காமல், தரையில் கிடந்த என் முடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பாதி மழித்த முகத்தோடு, கழுத்துத் துண்டின் முனையால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம் சார். இன்னா கஷ்டமோ அதுக்கு."