பாதிக் கதை சொல்லும் உத்தியோகம்

கதையைச் சொல்லவும் வேண்டும், சொல்லாமலும் இருக்க வேண்டும். டூரிங் டாக்கீஸ் விளம்பர வண்டியில் ஏறியவன் பிழைப்பு இவ்வளவுதான். யுத்தம் முடிந்த புதிதில் திருத்தணிக் கொட்டகை ஒன்றில் எனக்கு அந்த உத்தியோகம். இரண்டு பக்கமும் படத் தட்டி கட்டிய மாட்டுவண்டி, முன்னால் ஒரு தப்பட்டைக்காரர், என் வாயில் தகரக் குழாய். வாயால் பிழைக்கிற அன்பர்களே, உங்களுக்குத்தான் என் அவஸ்தை புரியும்.

முழுக் கதை

முதல் படத்தை முன்கூட்டியே பார்த்துத் தொலைத்திருந்தேன். மலையடிவாரத்துக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, தாய் மகனைப் பிரிவதில் ஆரம்பித்தேன். கூட்டம் கூடக் கூட எனக்கே வெறி ஏறிவிட்டது. மகன் மடியில் தாய் உயிரை விடும் இடத்தில் நானும் அழுதேன், ஜனமும் அழுதது. அடடா, இன்றைக்குக் கொட்டகை தாங்காது என்று குதூகலமாகத் திரும்பினேன்.

சாயங்காலம் கொட்டகையில் ஈ, காக்கை இல்லை. மறுநாள் கடைத்தெருவில் பூ விற்பவரைப் பிடித்து, "ஏன்யா வரலை?" என்றேன். அவர் என்னை அன்பாகத்தான் பார்த்தார்.

"அதான் நேத்தே நீ காட்டிட்டியேப்பா, படம் ரொம்ப நல்லா இருந்துச்சி!"

பாதிக் கதை

முதலாளி கொதித்துப் போனார். இனிமேல் பாதிக் கதைதான் சொல்ல வேண்டும், அடுத்த படமும் காற்றாடினால் வண்டியில் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த படப்பெட்டி அன்று மாலை ரயிலில்தான் வருவதாக இருந்தது. கையில் பாட்டுப் புத்தகம் மட்டும். அதில் குழந்தை கிணற்றில் விழுவதோடு கதையை நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருந்தார்கள்.

பொதட்டூர்பேட்டை நெசவுத் தெருவில் நானும் அங்கேயே நிறுத்தினேன். தறியை விட்டு எழுந்து வந்த ஓர் அம்மா மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கொழந்தை இன்னா ஆச்சி?" என்றாள். "படத்துல பாருங்க" என்றேன். கயிற்றை விடவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், "பொழைச்சிடும்மா, பொழைச்சிடும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒரு புள்ளைய வாரிக் குடுத்தவ நான், இன்னொண்ணு சாவறத என்னால பாக்க முடியாது; பொழைக்கும்னா தெருவோட வரோம்."

காணாமல் போன ரீல்

சொன்னபடி தெருவோடு வந்தார்கள். மணல் தரையில் முதல் வரிசையில் அந்த அம்மா. எங்கள் ஆபரேட்டர் சித்தூர் பக்கத்துத் தெலுங்குக்காரர்; எங்களுக்குள் 'பாவா', அதாவது மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். "அந்தக் குழந்தை பிழைக்குமா?" என்று கேட்டேன். "முன்ன இருந்த ஊர்ல நான் ஓட்டின படம் பாவா. அடுத்த ரீல்ல பொணத்தைத் தூக்கறாங்க" என்றார் சாவகாசமாக.

எங்களிடம் ஒரே மிஷின். குழந்தை கிணற்றில் விழுந்ததும் ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். நான் ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவா, அதை விட்டுட்டு அதுக்கடுத்ததை மாட்டு!" என்று கெஞ்சினேன். மாட்டினார். திரையில் தாய் தலைவிரி கோலமாக அழுதாள். காட்டில் அழுதாள், கோயிலில் அழுதாள், பாட்டுக்குப் பாட்டு அழுதாள். குழந்தையின் பேச்சையே காணோம். ஜனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. படம் விட்டதும் அந்த அம்மா நேராக என்னிடம் வந்தாள்.

"கொழந்தைதான் பொழைச்சிடுச்சே, அந்தப் பொம்பள எதுக்குய்யா கடைசி வரைக்கும் அழுதுகினே இருக்கா?"

மறுநாள்

விஷயம் முதலாளிக்குப் போய்விட்டது. என் கணக்கைத் தீர்க்கத்தான் கூப்பிட்டார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கொட்டகை வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. படத்தில் அந்தத் தாய் ஏன் அழுகிறாள் என்று கண்டுபிடிக்க ஆர்.கே.பேட்டையிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதலாளி திட்ட வாயைத் திறந்தவர், கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கூட்டத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலடா, இன்னிக்கும் அந்த ரீல போடாதே!"

கதை தெரிந்து சொன்னபோது காற்றாடிய கொட்டகை தெரியாமல் உளறியபோது நிரம்பியதென்றால், இந்தத் தொழிலை எப்படித்தான் செய்வது என்று நீங்களாவது சொல்லுங்கள்.